ஆச்சியின் பள்ளிக்கூடம்: 'ஹிகாயத் அப்துல்லாஹ்' நூலை முன்வைத்து

கடல் கடந்து பொருள் தேடும் சமூகம் எதுவாயினும் அதன் முன் ஒரு வினா எழுந்தே தீரும். தந்தை அயல் மண்ணில் நிலைகொண்ட பின் அங்குப் பிறந்து வளரும் பிள்ளை யாருடைய பிள்ளை? தந்தையின் ஊருக்கு உரியதா, தான் விளையாடி வளர்ந்த மண்ணுக்கு உரியதா? தமிழகத்தின் வணிகச் சமூகங்கள் ஒவ்வொன்றும் இவ்வினாவுக்கு ஒவ்வொரு வகையில் விடை கண்டன. அவற்றுள் ஒரு விடை சுண்ணாம்பாலும் தேக்காலும் எழுதப்பட்டுக் கானாடுகாத்தானில் இன்றும் நிற்கிறது. மற்றொரு விடை ஜாவி எழுத்தில் எழுதப்பட்டு, 1849ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கல்லச்சில் ஏறியது. முன்னதைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றனர். பின்னதைத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் பெயரளவில் அறிந்து, பெரும்பாலும் படிக்காமலே பெருமை கொள்கிறோம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும், அதன் வழியே இன்று வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கானாடுகாத்தான் தந்த விடை

செட்டிநாட்டின் ஊர்களுள் கானாடுகாத்தான் தனிச் சிறப்புடையது. நேர்கோட்டில் அமைந்த தெருக்கள், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நெடிய வீடுகள், மழைநீரை ஊருணிக்குக் கொண்டு சேர்க்கும் வாய்க்கால்கள் என அனைத்தும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1881இல் பிறந்த ஊர் இது. அவர் கட்டிய அரண்மனை 1912இல் நிறைவு பெற்றது. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும் ஒரே கூரையின் கீழ் கூடியிருக்கும் இவ்வீடுகளைக் கலை வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதியுள்ளனர். 2014இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளைச் சேர்த்தது.

ஆனால் இவ்வீடுகளை அழகுக்காக மட்டும் பார்ப்பவர் பாதியையே பார்க்கிறார். இரங்கூனிலும் சைகோனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் பொருள் ஈட்டிய ஒருவர், மழை அரிதான இம்மண்ணில் ஏன் இத்தனை பெரிய வீட்டைக் கட்டினார்? தம் பிள்ளைகள் வளர வேண்டிய இடம் இதுவே என்று அவர் முடிவு செய்திருந்தார். நகரத்தாரின் பழைய வழக்கப்படி வணிகத்துக்கு ஆண்கள் மட்டுமே கப்பல் ஏறினர். முகவராகச் செல்பவர் மூன்றாண்டுத் தவணை முடித்து ஊர் திரும்புவார். மனைவியும் மக்களும் ஊரிலேயே இருப்பர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் முதலாளியின் முகவரும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தனர். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை இதுவே பொதுவழக்கு.

இவ்வழக்கைத் தாங்கி நின்றது வீடு மட்டுமன்று. மணமான ஒவ்வோர் ஆண்மகனும் ஒரு 'புள்ளி'. ஒன்பது நகரக் கோயில்களுள் தமக்குரிய கோயிலின் கணக்கில் அப்புள்ளி பதிவாக வேண்டும். திருமணம் ஊரில் நடைபெற வேண்டும். 'இசைகுடிமானம்' எழுதப்பட வேண்டும். முன்னோர்க்குரிய 'படைப்பு' வீட்டில் நடைபெற வேண்டும். வளவைச் சுற்றியுள்ள அறைகளுள் ஒன்று மணமான ஒவ்வொரு மகனுக்கும் உரியது. ஒருவன் எங்கிருந்தாலும் அவன் யார் என்பதற்கான சான்று இங்கேயே இருந்தது. 'நீ யார்' என்னும் வினாவுக்கு விடையாக ஓர் இடத்தையும் ஒரு கணக்கையும் அவர்கள் வைத்திருந்தனர். அவர்கள் நடத்திய தொழிலின் தன்மை குறித்து மார்க்க அடிப்படையில் நமக்கு மாறுபட்ட கருத்து உண்டு. எனினும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள எத்தனை திட்டமாகச் செயல்பட்டது என்பதைக் கண்டு கற்க அது தடையாகாது.

இவ்விடைக்கு ஒரு விலையும் இருந்தது. தந்தையின் முகத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை கண்ட பிள்ளைகளும், இளமையைக் காத்திருப்பில் கழித்த ஆச்சிகளும் அவ்விலையைச் செலுத்தினர். காலமும் இவ்விடையை நீடிக்க விடவில்லை. 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் செட்டியார் கைக்கு வந்திருந்தது. 1942இல் சப்பானியர் படையெடுப்பும் 1960களில் பர்மிய இராணுவ அரசின் தேசியமயமாக்கலும் அனைத்தையும் கொண்டு போயின. அடுத்த தலைமுறை சென்னைக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இம்முறை குடும்பத்தோடு சென்றது. இன்று கானாடுகாத்தானின் பல வீடுகள் திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன, சில விடுதிகளாகிவிட்டன. பிள்ளையை அழைத்துச் செல்லாதே என்பது அக்காலத்து விடை. அதை இன்று எவரும் பின்பற்ற இயலாது, பின்பற்றுவது நன்றுமன்று.

மொழி போய்ச் சமயம் நின்றவர்கள்

மலாக்காவில் 'மலாக்கா செட்டிகள்' என்றொரு சிறு சமூகம் உண்டு. பெயரைக் கொண்டு இவர்களை நகரத்தாருடன் குழப்பிக்கொள்ளலாகாது. மலாக்கா சுல்தான்களின் காலந்தொட்டே அங்கு வணிகம் செய்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்துவிட்ட தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள் இவர்கள். பேசுவது மலாய், பெண்கள் அணிவது சாரோங்கும் கெபாயாவும், வழிபடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் இவர்களுடையதே. தமிழ் இவர்கள் நாவிலிருந்து என்றோ அகன்றது. ஆனால் சமயம் நின்றது. சமயமே இவர்களைச் சுற்றியுள்ள மலாய் மக்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. அப்பிரிவே இவர்களைக் காத்தது.

தமிழ் முஸ்லிம்களின் நிலை இதற்கு நேர்மாறானது. நாகூர், காரைக்கால், நாகப்பட்டினம், தொண்டி, தேவிப்பட்டினம் முதலிய கடற்கரையூர்களிலிருந்து சென்ற மரக்காயர்களும் லெப்பைமார்களும் அங்கு மணம் புரிந்தபோது, மார்க்கம் இருவரையும் பிரிக்கவில்லை, இணைத்தது. ஒரே பள்ளிவாசல், ஒரே கிப்லா, ஒரே ஷாஃபிஈ மத்ஹபு. இவ்வாறு பிறந்தவர்களே 'ஜாவி பெரனாக்கான்' எனப்பட்டனர். மலாய் மொழியில் 'அனாக்' என்றால் பிள்ளை. 'பெரனாக்கான்' என்பது அம்மண்ணில் பிறந்த பிள்ளையைக் குறிக்கும். மார்க்கம் வேலியாக இல்லாமல் வாயிலாக அமைந்த இடத்தில், மொழியும் பெயரும் எவ்வளவு விரைவாகக் கரைந்துவிடும் என்பதற்கு இச்சமூகமே சான்று. அக்கரைவை உள்ளிருந்தே பதிவு செய்த நூல் ஒன்று நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. அதுவே முன்ஷி அப்துல்லாஹ் அவர்களின் தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லாஹ்'.

நூலும் நூலாசிரியரும்

அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர் 1796இல் மலாக்காவில் பிறந்தார். நூலின் தொடக்கத்தில் தம் குலவழியை அவரே விரித்துரைக்கிறார். பாட்டனாரின் தந்தை யமன் நாட்டு அரபியர். கல்வி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர். நாகூருக்கு வந்து, அங்கே மணந்து, மக்களைப் பெற்றவர். அம்மக்களுள் ஒருவரான முஹம்மது இப்ராஹீம் மலாக்கா வந்து, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அம்மாதரசியின் பெயர் 'பெரி ஆச்சி' என்று நூல் குறிக்கிறது. பெரியாச்சி! கானாடுகாத்தானின் ஒவ்வொரு வளவிலும் ஒலிக்கும் அதே விளிச்சொல் மலாய் உரைநடையின் முதல் பெருநூலில், ஜாவி எழுத்தில் நின்று நம்மைப் பார்க்கிறது.

அவ்வாச்சி வீட்டுக்குள் அடங்கியிருந்தவரல்லர். கம்போங் பாலியில் குர்ஆன் பள்ளிக்கூடம் நடத்தினார். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் அவரிடம் ஓதினர் என்று பேரர் எழுதுகிறார். அப்துல்லாஹ் முதன்முதல் அலிஃப், பா எழுதியது அப்பள்ளிக்கூடத்துப் பலகையில்தான். அங்கு வழங்கிய தண்டனைகளை வகைவகையாக அவர் பட்டியலிடும் பகுதியை மதரஸா ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். விரலிடுக்கும் கயிறும் புகையும் கொண்டு கல்வியைப் புகட்டிய அக்காலத்தை அவர் கசப்பின்றி, ஆனால் மறைப்பின்றி எழுதுகிறார்.

1810-11இல் ஜாவாப் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்ய மலாக்காவில் தங்கியிருந்த ராஃபிள்ஸிடம் அவர் இளம் வயதிலேயே எழுத்தராகச் சேர்ந்தார். கோட்டையிலிருந்த சிப்பாய்களிடம் இந்துஸ்தானி கற்று, அவர்களுக்கு மார்க்க நூல்களைப் படியெடுத்தும் கற்பித்தும் கொடுத்தார். 'முன்ஷி' என்னும் பட்டம் அவர்கள் அளித்ததே. மில்ன் முதலிய கிறித்தவப் போதகர்களுக்கு மலாய் கற்பித்ததால் ஊரார் அவரை 'அப்துல்லாஹ் பாதிரி' என்று ஏளனம் செய்தனர். அமெரிக்கப் போதகர் நார்த் என்பவரின் தூண்டுதலால் 1840களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இந்நூல், கீஸ்பரியின் அச்சகத்தில் 1849இல் வெளிவந்தது. 1854இல் ஹஜ்ஜுக்குச் சென்ற பயணத்தில் அப்துல்லாஹ் மறைந்தார்.

அவருக்கு முன்னிருந்த மலாய் ஹிகாயத்துகள் அரசர்களையும் அற்புதங்களையும் பாடுபொருளாகக் கொண்டவை. அப்துல்லாஹ் தாம் கண்டதை எழுதினார். 1807இல் மலாக்காக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதையும், சிங்கப்பூர் ஒரு நகரமாக உருப்பெற்றதையும், தம் குழந்தை இறந்த துயரையும் ஒரே தெளிவான நடையில் சொன்னார். 'நான்' என்று தொடங்கிப் பேசும் துணிவு எங்கிருந்து வந்தது? திறனாய்வாளர் பலர் ஆங்கிலேயரின் தொடர்பைக் காரணம் காட்டுவர். அது முழுக் காரணமன்று. வாசற்படியில் நிற்பவனுக்கே வீட்டின் உள்ளும் புறமும் ஒருங்கே தெரியும். மலாய் மொழியை உயிராக நேசித்த அவர், மலாய் மக்களைப் பற்றிப் பேசும்போது பல இடங்களில் தம்மை அவர்களுள் சேர்க்காமலே பேசுகிறார். 'கிளிங்' என்று மலாய் மொழி அழைத்த தமிழ் வணிகரைக் குறிக்கும்போதும் அவ்வாறே. இரு பக்கமும் சேராத அந்நிலை மனிதனாக அவருக்குச் சுமை; எழுத்தாளராக அவருக்கு அதுவே கண்.

கணக்குக்காகக் கற்ற தமிழ்

நம் பொருளுக்கு மிக இன்றியமையாத பகுதி, அவர் தமிழ் கற்ற செய்தி. குர்ஆன் ஓதி முடித்த பின் தந்தையார் அவரைத் தமிழ் கற்க ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். மலாக்காவின் நல்ல குடும்பங்கள், வசதி படைத்த குடும்பங்கள் அனைத்தும் மூதாதையர் காலந்தொட்டுத் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தன என்று அப்துல்லாஹ் கூறுகிறார். அதற்கு அவர் தரும் காரணங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். தமிழ் கணக்கு வைக்கப் பயன்பட்டது. தமிழ் வணிகர் மலாக்காவில் நிறைந்திருந்தமையால் அவர்களோடு உரையாடப் பயன்பட்டது. அவ்வளவே.

தமிழ் எம் முன்னோர் மொழி என்றோ, பெரியாச்சியின் மொழி என்றோ அவர் ஒரு காரணம் காட்டவில்லை. தமிழ் அவருக்குக் கடைவீதியின் மொழி. அரபு ஓதும் மொழி. மலாய் தாயின் மடியிலும் தெருவிலும் பேசிய மொழி. மூன்றையும் அவர் ஆசிரியர் வைத்தே கற்றார். ஆயினும் அவற்றின் பிற்கால வாழ்வு வேறுபட்டது. தந்தையார் அவரை மலாய் எழுத்தில் கடுமையாகப் பழக்கினார். பள்ளிவாசலில் அமர்ந்து, வருவோர் போவோர் பெயர்களை எழுதிக் காட்டச் சொன்னார். பிழை கண்டால் கடிந்தார். மலாய் தம் பிழைப்பு மட்டுமன்று, தம் பெருமையும் அதுவே என்று மகன் உணரும் வரை விடவில்லை.

1835இல் அப்துல்லாஹ் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார். அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. இப்னுல் முகஃப்பஃ 'கலீலா வ திம்னா' என்று அரபுக்குக் கொண்டு சென்ற அதே கதைக்கொத்து, மலாய் மண்ணை மீண்டுமொருமுறை தமிழ் வழியாகத் தொட்டது. ஆனால் அப்பணியை அவர் தமிழறிந்த நண்பர் ஒருவரின் துணை கொண்டே செய்து முடித்தார் என்பதையும் கருத வேண்டும். கணக்குக்குப் போதுமானதாக இருந்த தமிழ், கதைக்குப் போதவில்லை.

அவருடைய மகன் முஹம்மது இப்ராஹீம் முன்ஷி ஜொகூர் அரசில் உயர் பதவி வகித்தார். தந்தையைப் போலவே பயண நூல் எழுதினார். அது மலாய் நூல். அவரும் மலாய் உலகத்தவராகவே அறியப்பட்டார். தமிழ் வணிகரின் செல்வாக்கு மலாக்காவில் குறைந்ததும், கணக்கு வேறு மொழிக்கு மாறியதும், அக்குடும்பத்தில் தமிழுக்கு வேலையில்லாமல் போயிற்று. பயன் கருதி மட்டும் கற்பிக்கப்பட்ட மொழி, பயன் தீர்ந்த நாளில் தானும் தீர்ந்துபோகும். 'ஹிகாயத் அப்துல்லாஹ்' இவ்வுண்மையை எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்நூலிலிருந்து நாம் பெறும் முதற்பாடம் இதுவே.

இது தவிர்க்க முடியாத விதி என்று கருதவும் கூடாது. 1876இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரனாக்கான்' என்னும் மலாய் வார இதழைத் தொடங்கியவர்கள் இச்சமூகத்தாரே. அது 1895 வரை வெளிவந்தது. அதே நகரில், அதே காலப் பகுதியில், மகுதூம் சாயபு அவர்கள் 1887 முதல் 1890 வரை 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழை நடத்தினார். ஒரே மார்க்கத்தைச் சேர்ந்த, ஒரே கடற்கரையில் வேர்கொண்ட இரு குழுக்கள், ஒரே நகரில் இரு மொழிகளில் அச்சுக் கோத்தன. தமிழை வாசிப்பதற்கும் வாதிடுவதற்கும் உரிய மொழியாக வைத்துக்கொண்டவர்களிடம் அது நின்றது. பேரேட்டுக்குள் அடைத்து வைத்தவர்களிடம் அது பேரேட்டோடு மூடப்பட்டது.

நூலின் குறைகள்

புகழுக்குரிய நூலாயினும் குறைகளைச் சுட்டாமல் விடுவது திறனாய்வாகாது. ஆங்கிலேயரைப் பற்றி அப்துல்லாஹ் எழுதும் பகுதிகளில் நன்றியுணர்வு பகுத்தறிவை மறைத்துவிடுகிறது. ராஃபிள்ஸின் கல்வி ஆர்வத்தைக் கண்ட கண், அவர் ஏன் அங்கு வந்தார் என்பதைக் காணவில்லை. மலாய் அரசர்களின் கொடுமைகளைச் சாடுவதில் அவருக்கிருந்த துணிவு, கும்பினியாரைப் பற்றிப் பேசும்போது காணாமற் போகிறது. பிற்கால மலாய்த் தேசியவாதிகள் இவரை அயலார் என்றும் வெள்ளையரின் புகழ்பாடி என்றும் கண்டித்ததற்கு இது இடமளித்தது. அக்கண்டனத்தில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. தம் மொழியைத் தாமே முறையாகக் கற்க வேண்டும் என்று மலாய் மக்களை அவர் இடித்துரைத்தது பகையினாலன்று. பிற சமூகத்தார் தம் மொழியைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்துக் கற்பிப்பதை நேரில் கண்ட ஒருவரின் ஆதங்கம் அது. தாய்மொழி தானாக வந்துவிடும் என்னும் எண்ணத்தை அவர் விடாது மறுத்தார்.

மற்றொரு குறை, மௌனம் சார்ந்தது. பெரியாச்சியின் பள்ளிக்கூடத்தைச் சொன்னவர், அவர் பேரனிடம் எம்மொழியில் பேசினார், என்ன கதை சொன்னார் என்று சொல்லவில்லை. நாகூரை ஒரு குலவழிச் செய்தியாகக் குறித்தாரேயன்றி, அவ்வூர் தம் உள்ளத்தில் எவ்வாறிருந்தது என்று எழுதவில்லை. 1830ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரிலேயே நாகூர் ஆண்டகையின் பெயரால் தர்கா எழுந்துவிட்டது. அந்நகரின் தமிழ் முஸ்லிம்களுக்கு நாகூர் உயிருள்ள நினைவு. அப்துல்லாஹ்வின் பக்கங்களில் அது அடங்கிப் போன ஒலி. மறந்தவர் மறந்ததைச் சொல்லமாட்டார். படிப்பவரே அதைக் கண்டுகொள்ள வேண்டும்.

'நம்மவர்' என்னும் உரிமை

தமிழ் மேடைகளில் முன்ஷி அப்துல்லாஹ் 'நவீன மலாய் இலக்கியத்தின் தந்தையான தமிழர்' என்று போற்றப்படுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இவ்வுரிமை பாராட்டல் குறித்து நமக்கு ஐயம் உண்டு. அவர் உடலில் அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் ஓடியது உண்மை. அவ்வாறாயின் யமன் நாட்டாரும் அவரைத் தமதென்பர். இரத்தத்தைக் கொண்டு ஓர் எழுத்தாளரைக் கொண்டாடுவது எளிது. அவர் ஏன் நம் மொழியில் எழுதவில்லை என்று கேட்பது கடினம். முதலாவதைச் செய்து இரண்டாவதைத் தவிர்க்கிறோம். மறுபுறம், அவரை 'இழந்துவிட்டோம்' என்று புலம்புவோரும் உளர். அதுவும் பிழையே. பெரியாச்சி தம் பேரருக்குத் தந்த குர்ஆனும் எழுத்தின் மீதான பற்றும் வீணாகவில்லை. அவை வேறொரு மொழியில் கனிந்தன.

அரபு இலக்கிய வரலாறு இதனைப் புரிந்துகொள்ள நமக்குத் துணை செய்கிறது. 'வலத்' என்றால் பிள்ளை. அவ்வேரிலிருந்து வந்தது 'முவல்லத்'. அரபியரிடையே பிறந்து வளர்ந்த, அயல் குருதி கலந்த பிள்ளையை அது குறிக்கும். மலாய் மொழியின் 'பெரனாக்கான்' பிள்ளை என்னும் சொல்லில் பிறந்தது போலவே அரபின் 'முவல்லத்'தும் பிறந்தது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே நிலையை ஒரே பொருளுடைய சொல்லால் சுட்டுகின்றன. அப்பாஸியர் காலக் கவிஞர்களை 'முவல்லதூன்' என்றே இலக்கண ஆசிரியர்கள் வகைப்படுத்தினர். பஷ்ஷார் இப்னு புர்துவும் அபூ நுவாஸும் பாரசீகத் தொடர்புடையோர். அரபு இலக்கணத்தின் மாமேதை ஸீபவைஹி பாரசீகர். அரபு உரைநடையை வளர்த்த இப்னுல் முகஃப்பஃ பாரசீகர். அரபு இவர்களால் சிதையவில்லை, செழித்தது. அப்துல்லாஹ்வால் மலாய் செழித்ததும் இவ்வாறே.

ஹள்ரமவ்த்திலிருந்து ஜாவாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற அரபியர், அங்குப் பிறந்த தம் மக்களையும் 'முவல்லத்' என்றே அழைத்தனர். வசதி படைத்தோர் அம்மக்களைச் சில ஆண்டுகள் தரீம் முதலிய ஊர்களுக்கு அனுப்பி, உறவினர் வீட்டில் தங்கி அரபும் மார்க்கமும் கற்கச் செய்தனர். பின்னர் அவர்கள் பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்து வாழ்ந்தனர். இது கானாடுகாத்தானின் வழியுமன்று, மலாக்காவின் வழியுமன்று. பிள்ளையை ஊரிலேயே நிறுத்தவுமில்லை, ஊரை முற்றிலும் மறக்கவிடவுமில்லை. அப்பயணம் விருந்தினராகச் செல்லும் பயணமன்று. மாணவராகச் செல்லும் பயணம். இவ்வேறுபாட்டைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்றைய பிள்ளைகள்

இன்று நம் இளையான்குடியிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் தொண்டியிலிருந்தும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் நியூஜெர்சிக்கும் குடும்பங்கள் செல்கின்றன. வளைகுடாவில் வளரும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. என்றேனும் திரும்ப வேண்டும் என்பது தெரிந்தே வளர்கிறது. மேலை நாட்டில் வளரும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்கிறது. திரும்ப வேண்டியதில்லை என்பது தெரிந்தே வளர்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று; பள்ளியில் பாடம். மலேசியாவில் 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளாக நிற்கிறது. நிலைமைகள் வேறுபடினும் வீட்டின் வினா ஒன்றே.

விடுமுறையில் ஊர் வரும் இப்பிள்ளைகளுள் சிலர் நம்மைப் போன்ற அரபுக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஓத அனுப்பப்படுகின்றனர். அவர்களுள் பலர் குர்ஆனை அழகிய உச்சரிப்புடன் ஓதுகின்றனர். ஓதியதன் பொருளைத் தமிழில் சொன்னால் விழிக்கின்றனர். ஆங்கிலத்தில் சொன்னால் தலையசைக்கின்றனர். தமிழ் அவர்களுக்குப் பாட்டியிடம் 'சாப்பிட்டேன்', 'தூங்கினேன்' என்று சொல்லப் பயன்படும் மொழி. அப்துல்லாஹ்வுக்குத் தமிழ் கணக்கு மொழியாக இருந்தது போல, இவர்களுக்கு அது விடுமுறை மொழி. பாட்டி இல்லாத நாளில் அது என்னாகும் என்பதை மலாக்காவின் வரலாறு முன்னரே எழுதி வைத்துவிட்டது.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்வோர் உண்டு, அது நீதியன்று. இரண்டு பக்கமும் இழுக்கப்படும் பிள்ளையிடம் 'நீ எதைச் சேர்ந்தவன், ஒன்றைச் சொல்' என்று கேட்பதே தவறு. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் திருக்குர்ஆனின் 'அர்ரூம்' அத்தியாயம் இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. வேறுபாடு குற்றமாயின் அது அத்தாட்சியாகாது. பிள்ளை தன் பிறந்த நாட்டை நேசிப்பதும், அந்நாட்டு மொழியில் கனவு காண்பதும் துரோகமன்று. பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாம் தரும் மொழிக்கு வீட்டில் என்ன வேலை வைத்திருக்கிறோம்?

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். அரபு எழுத்துக்களுடன் தமிழுக்கே உரிய ழ, ள, ண போன்ற ஒலிகளுக்குக் குறிகளைச் சேர்த்து 'அரபுத்தமிழ்' ஆக்கினர். மலாய் மக்கள் ச, ங, ப, க, ஞ ஒலிகளுக்கு எழுத்துச் சேர்த்து ஜாவியை ஆக்கியதும் இதே முறைதான். மார்க்கச் சட்டங்களும் தஃப்ஸீரும் பெண்களுக்கான பாடல்களும் அரபுத்தமிழில் வீடுதோறும் ஓதப்பட்டன. ஓதத் தெரிந்த பெண்ணுக்கு அதே எழுத்தில் தமிழும் வசப்பட்டது. மார்க்கமும் மொழியும் ஒரே பலகையில் எழுதப்பட்டமையால் ஒன்றை விடாமல் மற்றொன்றை விட முடியவில்லை. இன்று நாம் அவ்விரண்டையும் பிரித்து, மார்க்கத்தை ஆங்கில நூல்களிடமும் தமிழை வார இறுதி வகுப்புகளிடமும் ஒப்படைத்துவிட்டோம். பின்னர் இரண்டும் ஒட்டவில்லை என்று வருந்துகிறோம்.

அரபுத்தமிழை மீண்டும் கொணர வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதன் காலம் வேறு. அதன் உள்ளீட்டை மீட்கலாம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு ஓதியதன் பொருளைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது, நபிமார் வரலாற்றைத் தமிழில் கேட்கச் செய்வது, வளர்ந்தபின் சீறாப்புராணத்தின் சில படலங்களையேனும் ஒருவர் துணையோடு படிக்கச் செய்வது, ஊரிலுள்ள ஒருவருக்கு மாதம் ஒரு கடிதம் தமிழில் எழுதச் செய்வது, விடுமுறையில் விருந்துண்ண மட்டுமன்றி ஒருவரிடம் மாணவராக அமரச் செய்வது ஆகியவை பெருஞ்செலவு கோரும் காரியங்களல்ல. இவை அனைத்தும் மொழிக்கு வேலை தருபவை. வேலையுள்ள மொழி சாவதில்லை.

கானாடுகாத்தானின் வளவில் ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று பல அறைகள் பூட்டியே கிடக்கின்றன. மலாக்காவில் பெரியாச்சி கட்டிய கட்டடம் எதையும் நாம் அறியோம். அவர் பேரரின் கையில் கொடுத்த பலகையே மலாய் இலக்கியத்துக்கு ஒரு பெருநூலை ஈந்தது. எனினும் அப்பலகையில் அவர் தம் மொழியில் ஒரு வரியேனும் எழுதிக் கொடுத்திருந்தால், அந்நூலின் ஏதேனும் ஒரு பக்கத்தில் நாகூரின் காற்று வீசியிருக்கும். வீடு கட்டுவதற்குச் செலவிடும் கருத்தில் ஒரு பகுதியையேனும் அந்த ஒரு வரிக்குச் செலவிடுமாறு நம் சமூகத்துப் பெற்றோரை வேண்டுகிறோம்.